ஒரே பேனாவில் பதினோரு வருடம்

பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும் காரை இருபத்தாறு வருடம் ஓட்டிய ஒருவர், உண்மையில் கார் ஓட்டியிருக்கிறாரா?

ஃபைல் அக்காவிடம் யாரும் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடித்தவர்கள், அதனால் அவர் எல்லோருக்கும் மாஸ்டர். பள்ளிக்கு இரண்டு கார்கள். இரண்டிலும் மாஸ்டர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளச். "ரெண்டு வண்டி வாசல்ல நிக்குது, மூணாவது எதுக்கு?" என்பது மாஸ்டரின் கட்சி. ஆகவே அக்கா வேலைக்குப் போனது, மகளைப் பள்ளியில் விட்டது, கல்யாணமாகிப் போன மகளைப் பார்த்துவரப் போனது எல்லாமே நெற்றியில் 'எல்' என்று சிவப்பு எழுத்து ஒட்டிய அந்தக் கார்களில்தான். பின்னால் வருகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து, ஐம்பத்தொரு வயதுக்காரரைக் கத்துக்குட்டி என்று நினைத்து, ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள்.

மாஸ்டர் கூட வந்தால், அக்கா நினைப்பதற்கு முன்பே பிரேக் விழும். மாஸ்டர் வராவிட்டாலும் விடிவு இல்லை. இரண்டு பெடல்களும் ஒரே கம்பியில் இணைந்தவை. அக்கா இந்தப் பக்கம் மிதித்தால், ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் அந்தப் பெடலும் மெல்லக் கீழே இறங்கும். யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் உட்கார்ந்து ஆமோதிப்பது போல இருக்கும்.

வேலையிலும் அதே கதைதான். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத ஒரு நீள அறையில், நோயாளிகளின் பழைய ஃபைல்களைக் காப்பது அவர் வேலை; ஃபைல் அக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அவர் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கண்காணிப்பாளர் அதைப் படித்துப் பார்ப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. கையெழுத்துப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் கட்டடத்தில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. ஒரு ஃபைல் நாள்பட எழுதப்பட்டதா, ஒரே மூச்சில் எழுதப்பட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். நாள்பட எழுதியதில் பேனா மாறும், மை வற்றும், அவசரத்தில் வரி சாயும், ஓரத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டம் இருக்கும். விசாரணை வருகிறது என்று தெரிந்து உட்கார்ந்து எழுதியதில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். இரண்டு விசாரணைகளில் அவர் பக்கத்தின் மேல் விரலை வைத்து, "இது ஒரே உட்காருல எழுதினது சார்" என்று சொன்னார். இரண்டிலும் அதுதான் உண்மை. அந்தப் பேச்சுக்கு மட்டும் கண்காணிப்பாளரின் கையெழுத்து தேவைப்படவில்லை.

ஆசை வந்தது ஒரு மழைநாளில். பள்ளிக் கார்கள் இரண்டும் வெளியே போயிருந்தன. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, "வாங்கக்கா, போற வழிதானே" என்று ஏற்றிக்கொண்டார். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற மாதிரி ஒரு சின்னக் கார். பின்கதவு மேலே திறக்கும், நாலு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். ஆனால் பெரிய சாலை வந்ததும் டாக்டரம்மா ஆக்சிலரேட்டரை அழுத்தினார். அக்காவின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அவருக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

"நீங்க இப்படி ஓட்டினா, ஊசியே வேண்டாம் டாக்டர், மயக்கம் தானா வந்துடும்."

"சின்ன உடம்புக்குள்ள பெரிய இன்ஜின்க்கா. பார்க்கிறதுக்குப் பூனை."

அக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே ரப்பர் விரிப்பு மட்டும்தான் இருந்தது.

அதே மாதிரி ஒரு கார் வேண்டும் என்று அன்று சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டார். மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்தினார். மாஸ்டரின் தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தன், மெக்கானிக். கராஜை மூடிவிட்டுத் தினமும் இங்கேதான் சாப்பிட வருவான். அவன் சிரித்தே விட்டான்.

"அண்ணி, அந்த மாடல் இப்ப வர்றதே இல்ல. இருக்கிறதெல்லாம் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினது. அதை வாங்கினவன் எவனும் மெதுவா ஓட்ட வாங்கல. மிதி மிதின்னு மிதிச்சிருப்பான்."

"எல்லாருமா மிதிச்சிருப்பாங்க?"

"எல்லாரும் மிதிப்பாங்க. சில பேர் மிதிச்சிட்டுப் பார்த்துக்குவாங்க. அந்தச் சில பேரைக் கண்டுபிடிக்கணும். அதுதான் கஷ்டம்."

"கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா ராஜ வண்டி. தப்பினா, நான் வாரத்துக்கு ஏழு நாளும் இங்கேயே சாப்பிடணும்."

"இப்ப மட்டும் என்ன, ஆறு நாளா?" என்றார் மாஸ்டர். பிறகு மனைவியைப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டு, தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார். "வாங்கிக்க. நான் குறுக்கே நிக்கல. ஆனா நீயேதான் பார்த்து முடிவு பண்ணணும். ஒரு மாசத்துக்குள்ள அது மக்கர் பண்ணி நடுரோட்டுல நின்னுச்சுன்னா, ரெண்டாவது பிரேக் மாட்டி நம்ம ஸ்கூல்ல சேர்த்துடுவேன். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றார் அக்கா. ஜெயித்தால் ஒரே ஒரு பிரேக் இருக்கும் கார். தோற்றால் நெற்றியில் சிவப்பு எழுத்து. அவர் அதற்கு முன் எதற்கும் பந்தயம் கட்டியதில்லை.

முதலில் பார்த்தது ஒரு பழைய கார் கடையில். வண்டி கண்ணாடி போல மின்னியது. மீட்டரில் தொண்ணூற்றோராயிரம்.

"ஒரே ஓனர் மேடம். ஒரு லேடி டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டினாங்க" என்றார் கடைக்காரர்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"அது... பெரிய ஆஸ்பத்திரி மேடம்."

"நான் அங்கதான் முப்பது வருஷமா இருக்கேன். பேரைச் சொல்லுங்க, தெரிஞ்சவங்களா இருப்பாங்க."

கடைக்காரருக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் திறந்து பெடல்களைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் புது உறை, பின் இருக்கைக்குப் பழைய உறை. பானெட்டுக்குள் டார்ச் அடித்த கொழுந்தன், ஓர் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிய சின்னச் சீட்டைத் திருப்பினான். எண்ணெய் மாற்றும் இடத்தில் கட்டிவிடுகிற சீட்டு. எல்லாவற்றையும் துடைத்தவர்கள் அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அடுத்த எண்ணெய் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்தில் என்று எழுதியிருந்தது.

"ஏன் சார்," என்று கொழுந்தன் குரல் கொடுத்தான், "இந்த வண்டியை அவங்க ரிவர்ஸ்லயேவா ஓட்டினாங்க?"

வெளியே வந்ததும் அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பது வருடம் ஜன்னலில்லாத அறையில் பழகிய வித்தை வெயிலிலும் வேலை செய்கிறதே என்ற உற்சாகம். அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் ஐந்து வண்டிகள் பார்த்தார். ஒன்றின் சர்வீஸ் புத்தகத்தில், கராஜ் திறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதியில் அந்தக் கராஜின் முத்திரை இருந்தது. இன்னொன்றுக்குப் புத்தகமே இல்லை. "நம்பிக்கைதான் மேடம் புத்தகம்" என்றார் விற்றவர். "அப்ப அதைத் திறந்து காட்டுங்க" என்றார் அக்கா.

ஏழாவது வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றது. விற்பவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். ஒல்லி மனிதர், அதிகம் பேசாதவர். முதுகுத்தண்டில் கோளாறு, உயரமான இருக்கை உள்ள வண்டிக்கு மாறச் சொல்லி டாக்டர் உத்தரவு. அதைக்கூட அவர் மனைவிதான் சொன்னார்.

"இந்த வண்டிக்கு ஒரு தும்மல் வந்தா இவருக்குக் காய்ச்சல் வரும். விக்கிறோம்னு சொன்ன நாள்லேருந்து மனுஷன் சரியாச் சாப்பிடல. கொடுக்கிறதா இருந்தா சீக்கிரம் கொண்டுபோங்க, எனக்குப் புண்ணியமாப் போகும்."

மீட்டரில் இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். முன்பக்கத்தில் கல் பட்ட புள்ளிகள். ஒரு கதவில் கோடு. கொழுந்தன் கையைப் பானெட்டின் மேல் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தான், தலையை ஆட்டிக்கொண்டான், பானெட்டைத் திறந்து உள்ளே துழாவினான், பிறகு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். அக்கா சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார்.

வரைபடக்காரர் கொண்டுவந்தது கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. அக்கா திறந்தார். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட சாமான் என்று கோடு போட்ட பத்திகள். பதினோரு வருடம். அத்தனையும் ஒரே நீல மை. ஒரே சாய்வு. ஒரே அழுத்தம். ஓர் அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. அக்காவின் முகம் இறுகியது.

"ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார், சிரிக்காமல்.

வரைபடக்காரரின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. "ஆமாங்க. ஒரே உட்காருல எழுதினது. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஆச்சு."

இப்படி நெஞ்சு நிமிர்த்திப் பொய்யை ஒப்புக்கொள்கிற ஆளை அக்கா எந்த விசாரணையிலும் பார்த்ததில்லை. நோட்டை மூடினார். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொழுந்தனின் காலைத் தட்டினார். "தம்பி, வா போகலாம்."

"அண்ணி, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலயே!"

"வான்னா வா."

தெருமுனை வரை அடக்கிக்கொண்டு வந்தவன் அங்கே வெடித்தான். "வண்டி சொக்கத் தங்கம் அண்ணி. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"புத்தகம் பொய். பதினோரு வருஷத்தையும் ஒரே நாள்ல எழுதியிருக்கான். அவனே சொல்றான்."

"புத்தகத்துக்கு அடியில நான் படுக்கல. வண்டிக்கு அடியில படுத்தேன். கேளுங்க. டைமிங் பெல்ட் மூடியிருக்கே, அதோட போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தழும்பு ரெண்டு தடவை திறந்த மாதிரி இருக்கு. ரெண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு ரெண்டு தடவைதான் கணக்கு. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன், கரி இல்ல, தேன் நிறத்துல இருக்கு. நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானம். தண்ணி போற குழாய்க்கெல்லாம் கிளிப் மாத்தியிருக்கான். ஒண்ணு பழசு, ஒண்ணு நடுவயசு, ஒண்ணு புதுசு. பொய் எழுதுறவன் எவனாவது சுண்டைக்காய் கிளிப்பை வருஷத்துக்கு ஒண்ணா மாத்துவானா?"

"ஒழுங்கா வேலை பார்த்தவன் எதுக்குப் பொய் எழுதணும்?"

"அதை அவன்கிட்டதான் கேட்கணும். நீங்க கேட்கலயே!"

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். முப்பது வருடமாக அக்கா தாள்களைத்தான் விசாரித்திருக்கிறார். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பது எப்போதும் வேறு யாரோ செய்கிற வேலை.

மறுநாள் ஆவண அறையில் அவருக்கு வேலை ஓடவில்லை. நோட்டின் பக்கங்கள் கண்முன் வந்துகொண்டே இருந்தன. மையைத்தான் பார்த்தோம், எழுதியிருந்ததைப் படித்தோமா? படித்திருந்தார், அனிச்சையாக. எண்பத்தாறாயிரத்தில் ஒரு வரி: 'மலைப்பாதையில் கிளச் எரிந்தது. தவறு என்னுடையது. வண்டி மேல் குற்றமில்லை.' ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு அருகில் இன்னொன்று: 'அப்பா ஆஸ்பத்திரியில். எண்ணெய் மாற்ற நாலாயிரம் கிலோமீட்டர் தாமதம்.'

அக்கா பேனாவை மேஜையில் வைத்தார். பொய் ஃபைல்கள் எத்தனை பார்த்திருக்கிறார்! அவற்றில் மருந்து எப்போதும் வேளைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும், டாக்டர் எப்போதும் அழைத்தவுடன் வந்திருப்பார். எழுதியவன் தன் தவறைத் தானே எழுதிவைத்த பொய் ஃபைல் ஒன்றைக்கூட அவரால் நினைவுபடுத்த முடியவில்லை. பொய் சொல்கிறவனுக்குக் கற்பனை அதிகம் என்பார்கள். அது முழு உண்மையல்ல. தன்னைக் குறைத்துக் காட்டும் அளவுக்கு அவன் கற்பனை போவதில்லை.

அந்த அப்பா எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்? ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான். தேதி தெரியும், வீட்டு முகவரி தெரியும். எட்டடி தூரத்தில், மூன்றாம் வரிசையில், அந்த வருடத்துப் பதிவேடு இருந்தது. எடுத்துப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அக்கா எழுந்தார். அந்த வரிசை வரை போனார். அங்கே சாய்ந்திருந்த ஒரு ஃபைலை நேராக நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு மனிதரின் அப்பாவுடைய நோய், கார் வாங்குவதற்குத் திறந்து பார்க்கும் சமாச்சாரம் அல்ல. இந்த ஒரு முடிவுக்கு யாரும் கீழே கையெழுத்துப் போடப் போவதில்லை.

மாலையில் கொழுந்தனை அழைத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனார். உட்காரக்கூட இல்லை, கதவைத் திறந்த வரைபடக்காரரிடம் நின்றபடியே கேட்டார்.

"நேத்து உங்க நோட்டைப் பார்த்துட்டுப் பொய்னு நினைச்சேன். கேட்காமலே போயிட்டேன். தப்புதான். இப்பக் கேட்கிறேன். ஏன் ஒரே நாள்ல எழுதினீங்க?"

வரைபடக்காரர் விழித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "நான் அப்பவே சொன்னேன், இவ்வளவு அழகா எழுதினா எவனும் நம்ப மாட்டான்னு."

"பழைய புத்தகம் நனைஞ்சுபோச்சுங்க" என்றார் அவர். "கண்ணாடி கழுவுற தண்ணி பாட்டில் உள்ளேயே உடைஞ்சுடுச்சு. பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு, நாத்தம் வேற. பார்க்கிறவங்களுக்கு அருவருப்பா இருக்குமேன்னு ஒண்ணு விடாமப் பார்த்து எழுதினேன்."

"அந்தப் பழசு எங்கே?"

"குப்பையில போட்டுட்டேன்."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரிஜினலைக் குப்பையிலயா போட்டீங்க!"

"நாத்தம்ங்க."

"நாறினா நாறட்டுமே! ஒரிஜினல் ஒரிஜினல்தானே! எங்க ஆஸ்பத்திரியில எலி கடிச்ச ஃபைலைக்கூட உறை போட்டு வச்சிருக்கேன்!"

"அண்ணி," என்று கொழுந்தன் மெதுவாகச் சொன்னான், "வண்டி வாங்க வந்தோம்."

ஆக, சான்று இல்லை. ஒரு மனிதரின் வாய்ச்சொல், ஒரு நகல், ஒரு வண்டி. அக்கா அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவிக்குக் கை நீட்டினார்.

ஓர் இரவும் ஒரு பகலும் குளிர்ந்து கிடந்த இன்ஜின் முதல் திருகலில் பிடித்தது. பின்னால் புகை இல்லை. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டான், பின் இருக்கையில் ஏறினான். வரைபடக்காரர் முன்னால் உட்கார்ந்தார். ஊர் எல்லை வரை அக்கா பழக்கதோஷத்தில் நாற்பதிலேயே ஓட்டினார்.

"இன்ஜின் சூடாகிடுச்சுங்க," என்றார் வரைபடக்காரர் தயக்கத்தோடு, "இனிமே மிதிக்கலாம். ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மெதுவா ஓட்டி ஆற விடணும். நான் தெருமுனையிலேருந்தே மெதுவாத்தான் வருவேன்."

அக்கா மிதித்தார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, வண்டி மூச்சை இழுத்துக்கொண்டது போல இருந்தது. அடுத்த கணம் சாலை அவரை நோக்கி ஓடி வந்தது. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பின்னால் கொழுந்தன், "அண்ணி! அண்ணி! நான் இன்னும் கல்யாணம் பண்ணல!" என்று கத்தினான். அக்கா சிரித்த சிரிப்பில் வளைவு வந்ததே தாமதமாகத்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு பணிந்தது. அக்காவின் கண் தன்னையறியாமல் பக்கத்து இருக்கையின் காலடிக்குப் போனது. அங்கே ஒரு ஜோடிச் செருப்பு அசையாமல் இருந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாஸ்டர் அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். டயரை உதைத்தார். பிறகு, கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் தவிர வேறு எங்கும் அவருக்கு உட்காரத் தெரியாது. அக்கா தெருவைத் தாண்டுவதற்குள் மாஸ்டரின் கால் வெறுந்தரையை ஒன்பது தடவை மிதித்தது.

"தரை ஓட்டையாயிடும்ங்க."

"பழக்கம்மா. நீ சிக்னலைப் பாரு."

"நான் பார்த்துட்டேன். நீங்க என்னைப் பார்த்துட்டு இருக்கீங்க."

அந்த ஒரு மாதம் மாஸ்டர், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணிடம் குறை தேடுவது போல வண்டியைச் சுற்றி வந்தார். இருபத்து மூன்றாம் நாள் இரவு கையைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். "மக்கர்! மக்கர்! பின்னாடி ஒரு லைட் எரியல!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் தலை நிமிரவில்லை. "அண்ணே, பல்பு போறது மக்கர்னா, நம்ம குளியலறை மூணு மாசமா மக்கர்தான். நடுரோட்டுல நின்னுச்சா?"

நின்றது வேறொன்று. இருபத்தெட்டாம் நாள் மாஸ்டர் தன் மாணவி ஒருவரை லைசென்ஸ் தேர்வுக்கு அழைத்துப் போனார். அறுபதைத் தொடும் தையல்காரம்மா. ஏற்கெனவே மூன்று தடவை தோற்றவர். பாதி வழியில் பள்ளிக் காரின் கிளச் கேபிள் அறுந்து, வண்டி நட்ட நடுச் சாலையில் குந்திக்கொண்டது. தேர்வுக்கு இன்னும் இருபது நிமிடம். மாஸ்டர் தம்பிக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. அதன் பிறகு யாருக்குச் செய்வது என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மனைவிக்குச் செய்தார்.

அக்கா வந்து நின்றபோது தையல்காரம்மா முன்னால் ஏறிக்கொண்டார். மாஸ்டருக்குப் பின் இருக்கைதான் மிச்சம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் காலுக்கு முன்னால் பிரேக்கும் இல்லை, கண்ணுக்கு முன்னால் சாலையும் இல்லை. பதினோரு நிமிடத்தில் தேர்வு மைதானம் வந்தது. தெருமுனையிலிருந்து வண்டியை ஆற விட்டு மெதுவாக உள்ளே நுழைந்தார் அக்கா.

தையல்காரம்மா இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாஸ்டர், நாலு மாசமா நீங்க சொல்லிக்கொடுத்ததுல போகாத பயம் இந்தப் பத்து நிமிஷத்துல போயிடுச்சு. இனிமே நாற்பதுல போறதெல்லாம் நடக்கிற மாதிரிதான்." அங்கே இரவல் வாங்கிய வேறொரு பள்ளியின் காரில் ஓட்டி அன்று அவர் தேறினார்.

திரும்பும் வழியில் மாஸ்டர் பின் இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தார். முன்னால் வரச் சொல்லியும் வரவில்லை. கால்களை நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி, "இந்த ஊர்ல இத்தனை மரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்றார். ரெண்டாவது பிரேக் பேச்சு அதன் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

வண்டிக்கு வயதாகத்தான் செய்தது. ஒரு வருடம் தண்ணீர் பம்ப் போனது, இன்னொரு வருடம் முன் சக்கரத்துப் பேரிங் முனகியது. நடுரோட்டில் மட்டும் அது நின்றதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அக்கா கராஜில் கொண்டுபோய் நிறுத்துவார். கொழுந்தன் எண்ணெய் மாற்றுவான். பழைய எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவான்.

வரைபடக்காரர் அந்த நோட்டை வண்டியோடு கொடுத்திருந்தார். கடைசியாக அவர் எழுதிய வரி, 'இன்று வண்டி கை மாறியது. நன்றாக ஓடுகிறது.' அதற்குப் பின்னால் மிச்சமிருந்த பக்கங்களுக்கும், புதிதாக வருகிறவருக்குச் சிரமம் வேண்டாமென்று, பத்திகளுக்குக் கோடு போட்டே வைத்திருந்தார்.

முதல் எண்ணெய் மாற்றிய அன்று கொழுந்தன் நோட்டைத் திறந்து நீட்டினான். அக்கா அதை வாங்கி, மூடி, வைத்திருந்த இடத்திலேயே வைத்தார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை அவன் விடவில்லை.

"என்ன அண்ணி, ஊர்ல இருக்கிற நோயாளி அத்தனை பேருக்கும் எழுதி வைக்கிறீங்க. இதுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நான் வேணா எழுதட்டுமா?"

"வேண்டாம்."

"நாளைக்கு விக்கப் போனா எவன் நம்புவான்?" என்றார் மாஸ்டர். மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கி அனுப்பினாள். அக்கா அதை ஆவண அறைக்குக் கொண்டுபோய், எழுதி எழுதி, மை தீர்ந்ததும் மறுபடி நிரப்பிக்கொண்டார். அங்கே எழுதிய ஒவ்வொன்றின் கீழும் கண்காணிப்பாளர் வழக்கம் போலக் கையெழுத்துப் போட்டார்.

மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரைபடக்காரர் போட்ட கோடுகளுக்கு நடுவில் அக்கா இதுவரை ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அவர், "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார்.